வீட்டில எழும்புது, கிளவுட்டில எழும்பேல்லை: லினக்ஸ் இமேஜ் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை கிளவுட் தளங்களுக்கு லினக்ஸ் இமேஜ் (வி.எம். எனும் மெய்நிகர் கணினியை எழுப்பும் வட்டுக் கோப்பு) கட்டுவது, அதைச் சோதிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் தந்துள்ளோம். தட்டச்சுச் செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் இடுங்கள்.

கேள்வி: வீட்டில் கே.வி.எம்.மில் (லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதி) உபுண்டு சேர்வரை நிறுவி, எங்கட மென்பொருளையும் ஏற்றி, அந்த வட்டை அப்படியே கொப்பி பண்ணி ஐந்து வி.எம். எழுப்பினோம். ஐந்துக்கும் ஒரே ஐ.பி. வருகிறது. வலை அட்டையின் மக் முகவரி வேறு வேறுதான். ரவுட்டர் பிழையா?
வாசகர், கொக்குவில்

பதில்: ரவுட்டர் தன்ர வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உபுண்டு சேர்வரில் வலையமைப்பைப் பார்ப்பது சிஸ்டம்டி-நெட்வேர்க்டி (கணினியை எழுப்பிச் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதி). அது டி.எச்.சி.பி.யிடம் (ஐ.பி. வழங்கும் சேவை) போகும்போது மக் முகவரியைத் தன் அடையாளமாகக் காட்டாது. மெஷின்-ஐடியில் இருந்து கணித்த ஓர் எண்ணைக் காட்டும். மெஷின்-ஐடி என்பது ஈ.டி.சி. அடைவில் இருக்கும் 32 எழுத்துக் கோப்பு. வட்டோடு சேர்ந்து அதுவும் கொப்பியானதால், ரவுட்டரின் கண்ணுக்கு ஐந்தும் ஒரே ஆள்.

நெட்பிளான் (உபுண்டுவின் வலை அமைப்பு) கோப்பில் டி.எச்.சி.பி. அடையாளம் ‘மக்’ என்று எழுதினால் ஐ.பி. சிக்கல் உடனே தீரும். ஆனால் அது காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி. இமேஜ் என்பது ஓடிப் பழகிய கணினியின் கொப்பி அல்ல, இன்னும் ஒருமுறைகூட எழும்பாத கணினி. ஓடிய காலத்தில் அது தன்னைப்பற்றி எழுதி வைத்ததையெல்லாம் அழித்த பிறகுதான் வட்டை மூட வேண்டும்.

மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்குங்கள், நீக்கி விடாதீர்கள். தொடக்கக் கட்டத்தில் ரூட் வட்டு வாசிக்க மட்டுமே திறந்திருக்கும். வெறுமையான கோப்பு இருந்தால் சிஸ்டம்டி புதிய ஐடியை உருவாக்கி அதன்மேல் தற்காலிகமாகப் பொருத்தி, பிறகு நிரந்தரமாக எழுதும். கோப்பே இல்லாவிட்டால் பொருத்த இடமில்லை. பலர் விடும் இன்னொரு பிழை, வார்-லிப்-டிபஸ் அடைவில் உள்ள இன்னொரு மெஷின்-ஐடியைக் கவனியாமல் விடுவது. அது தனிக் கோப்பாக இருந்தால் சிஸ்டம்டி அதில் இருக்கும் பழைய ஐடியையே திரும்ப எடுத்துக்கொள்ளும். அது ஈ.டி.சி.யில் உள்ளதைச் சுட்டும் இணைப்பாக மட்டும் இருக்கட்டும்.

அடுத்து, தொலைவில் இருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேர்வரின் திறப்புகள். அவற்றை அழிக்காவிட்டால் ஒரு வி.எம்.மின் திறப்பு கையில் இருப்பவர் மற்ற நான்காகவும் நடிக்கலாம். அழித்தால் அடுத்த தொடக்கத்தில் கிளவுட்-இனிட் (முதல் தொடக்கத்தில் வி.எம்.மை அமைக்கும் கருவி) புதிதாகச் செய்யும். கிளவுட்-இனிட் இல்லாத டெபியன் தானாகச் செய்யாது, எஸ்.எஸ்.எச். சேவையே எழும்பாமல் நிற்கும். இதற்கென்று சேவை வைத்திருக்கும் ஃபெடோராவில் இந்தத் தொல்லை இல்லை.

பிறகு வார்-லிப்-கிளவுட் அடைவு, சிஸ்டம்டியின் ரண்டம்-சீட் கோப்பு, உங்கள் ஓதரைஸ்ட்-கீஸ், பாஷ் வரலாறு, லொக் கோப்புகள். ‘கிளவுட்-இனிட் கிளீன்’ கட்டளையை ‘லொக்ஸ்’, ‘மெஷின்-ஐடி’, ‘சீட்’ தெரிவுகளோடு கொடுத்தால் இதில் ஒரு பகுதி முடியும். திறப்புகளையும் வரலாற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெளியில் இருந்து செய்வதானால் வேர்ட்-சிஸ்பிரெப் நல்லது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மின் வட்டில் அதை ஒருபோதும் ஓட்டாதீர்கள், கோப்புமுறை சிதைந்துபோகும்.

நீங்கள் ஐ.எஸ்.ஓ.வில் இருந்து நிறுவியதால் இன்னொன்றும் இருக்கும். உபுண்டு நிறுவி, கிளவுட்.சி.எஃப்.ஜி.டி அடைவில் ‘99-இன்ஸ்ரோலர்’ என்று தொடங்கும் கோப்பு ஒன்றை விட்டுப்போகும். அது இருக்கும்வரை கிளவுட்-இனிட் வேறெங்கும் தரவு தேடாது. அதையும் நீக்குங்கள். எல்லாம் முடிந்ததும் வி.எம்.மை நிறுத்துங்கள். ‘ஒருக்காப் பார்ப்பம்’ என்று திரும்ப எழுப்பினால் அழித்ததெல்லாம் மீண்டும் முளைக்கும்.

கேள்வி: எங்கட இமேஜ் வீட்டில் வடிவாக ஓடுகிறது. ஏ.டபிள்யூ.எஸ்.இல் ஏற்றினால் ‘ரன்னிங்’ என்று காட்டுகிறது, எஸ்.எஸ்.எச். போகுதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?
மாணவர், திருநெல்வேலி

பதில்: எஸ்.எஸ்.எச். சொல்லும் வார்த்தையில் இருந்து. ‘ரைம்ட் அவுட்’ என்றால் பாதை அடைபட்டிருக்கிறது: செக்கியூரிட்டி குறூப்பில் 22ஆம் வாயில் திறக்கவில்லை, அல்லது கணினி எழும்பவேயில்லை. ‘ரிஃபியூஸ்ட்’ என்றால் கணினி எழும்பிவிட்டது, எஸ்.எஸ்.எச். சேவை எழும்பவில்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் பயனர் பெயர் பிழை, அல்லது உங்கள் திறப்பு உள்ளே போய்ச் சேரவில்லை. அதிகாரபூர்வ இமேஜ்களில் உபுண்டுவுக்குப் பயனர் ‘உபுண்டு’, ஃபெடோராவுக்கு ‘ஃபெடோரா’, டெபியனுக்கு ஏ.டபிள்யூ.எஸ்.இல் மட்டும் ‘அட்மின்’. ‘ரூட்’ என்று தட்டிக்கொண்டு மினக்கெட வேண்டாம்.

கணினி எழும்பவில்லை என்று சந்தேகம் வந்தால் ‘கெட் சிஸ்டம் லொக்’ என்பதைத் திறந்து பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் இமேஜில் சீரியல் கொன்சோல் இல்லை என்பதே முதல் குறை. கிறப் (கேர்னலை ஏற்றும் தொடக்கி) அமைப்பில் கேர்னல் வரியில் ‘கொன்சோல்’ அளபுருவை இரண்டு தரம் கொடுங்கள்: முதலில் டி.டி.வை.0, அடுத்ததாக டி.டி.வை.எஸ்.0, வேகம் 115200. கடைசியாக வருவதற்கே முதன்மைச் செய்திகள் போகும் என்பதால் ஒழுங்கு முக்கியம். கிளவுட்டில் திரை கிடையாது. சீரியல் இல்லாத இமேஜை ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

லொக் கிடைத்ததும் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

சீரியல் கொன்சோல் வைத்தும் ஒரு வரிகூட வராமல் நின்றால் ஃபேர்ம்வெயார் பொருந்தவில்லை. யூ.ஈ.எஃப்.ஐ.யில் (பயோஸுக்குப் பின் வந்த ஃபேர்ம்வெயார்) நிறுவும்போது கிறப் தன்ர முகவரியைத் தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதியும். கிளவுட்டில் அந்த நினைவகம் ஒவ்வொரு வி.எம்.முக்கும் புத்தம் புதிது, அங்கே உங்கள் பதிவு இராது. ஆகவே கிறப்-இன்ஸ்ரோலை ‘ரிமூவபிள்’ தெரிவோடு ஓட்டி, ஈ.எஃப்.ஐ. பிரிவில் ‘பூட்’ அடைவில் ‘பூட்-எக்ஸ்64.ஈ.எஃப்.ஐ.’ என்ற பொதுப் பெயரில் ஒரு பிரதி இருக்கச் செய்யுங்கள். ஆர்ம் 64இல் அதே இடத்தில் ‘பூட்-ஏ.ஏ.64’. ஏ.டபிள்யூ.எஸ்.இன் கிரவிற்றன் கணினிகள் யூ.ஈ.எஃப்.ஐ. மட்டும்தான் ஏற்கும். எக்ஸ்86இல் பூட் முறையைக் குறிப்பிடாமல் பதிந்தால் பழைய பயோஸ் முறையில் எழுப்பும். ஜி.பி.டி. வட்டில் 1 மெகாபைட் பயோஸ் பிரிவும் ஈ.எஃப்.ஐ. பிரிவும் இரண்டும் வைத்து, கிறப்பை இரண்டுக்கும் நிறுவினால் ஒரே இமேஜ் இரு பக்கமும் ஓடும்.

அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ (ரூட் வட்டைத் திறக்க முன் ஓடும் சிறு கோப்புமுறை) என்று காட்டி நின்றால், அல்லது டிராகட் (ஃபெடோராவில் அதைக் கட்டும் கருவி) அவசர ஷெல் வந்தால், ரூட் வட்டைக் காணவில்லை. உங்கள் நிலைமை பெரும்பாலும் இதுதான். வீட்டில் வட்டின் பெயர் வி.டி.ஏ., ஏ.டபிள்யூ.எஸ்.இன் நைற்ரோ கணினிகளில் அது என்.வி.எம்.ஈ., மைக்ரோசொஃப்டின் அஷூரில் பெரும்பாலும் எஸ்.டி.ஏ. எஃப்ஸ்டாப் (வட்டுகளைப் பொருத்தும் பட்டியல்) கோப்பிலும் கேர்னல் வரியிலும் இந்தப் பெயர்களை எழுதாமல் யூ.யூ.ஐ.டி. (வட்டுப் பிரிவின் தனி எண்) அல்லது லேபல் எழுதுங்கள். அது சரியாக இருந்தும் நின்றால் இயக்கிதான் இல்லை. ஃபெடோரா, ரெட்ஹட் குடும்பத்தில் டிராகட் ‘ஹோஸ்ட்-ஒன்லி’ முறையில் கட்டும். கட்டிய கணினிக்குத் தேவையான இயக்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கைவிடும். வீட்டு வி.எம்.மில் என்.வி.எம்.ஈ. இல்லை, ஆகவே அதன் இயக்கியும் உள்ளே போகவில்லை. ‘நோ-ஹோஸ்ட்-ஒன்லி’ தெரிவோடு திரும்பக் கட்டுங்கள், அல்லது டிராகட்-கொன்ஃபிக்-ஜெனெரிக் பொதியை நிறுவுங்கள். டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் ‘மொட்யூல்ஸ்’ என்பது ‘டெப்’ என்று இருந்தால் ‘மோஸ்ட்’ ஆக்குங்கள். கட்டியபின் எல்.எஸ்.-இனிட்ராம்எஃப்எஸ் அல்லது எல்.எஸ்.-இனிட்ஆர்.டி. ஓட்டி என்.வி.எம்.ஈ., வேர்ட்டயோ-பிளொக், வேர்ட்டயோ-ஸ்கஸி, ஹைப்பர்-வி சேமிப்பக இயக்கி ஆகிய நான்கும் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

90 செக்கன் காத்திருந்து அவசர நிலைக்குப் போனால், எஃப்ஸ்டாப்பில் இல்லாத வட்டு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. வீட்டு வி.எம்.மின் சுவாப் பிரிவோ, இரண்டாம் வட்டோ. வரியை நீக்குங்கள், அல்லது ‘நோஃபெயில்’ சேருங்கள்.

லொகின் வரி வந்தும் வலை இல்லாவிட்டால் இடைமுகப் பெயரைப் பாருங்கள். வீட்டில் ‘ஈ.என்.எஸ்.3’ என்று இருந்தது அங்கே ‘ஈ.என்.எஸ்.5’ ஆகியிருக்கும். பழைய பெயருக்கோ மக் முகவரிக்கோ கட்டிய நெட்பிளான் கோப்பு இமேஜில் இருக்கவே கூடாது. வட்டின் ஸ்னப்ஷொட்டில் இருந்து நீங்களே ஏ.எம்.ஐ. (ஏ.டபிள்யூ.எஸ்.இன் இமேஜ்) பதிபவரானால், பதியும்போது ஈ.என்.ஏ. (அங்குள்ள வலை அட்டை) ஆதரவுத் தெரிவைப் போட மறக்காதீர்கள். கேர்னலில் இயக்கி இருந்தாலும் பதிவில் அந்தக் குறி இல்லாவிட்டால் நைற்ரோ ஏற்காது.

கேள்வி: டெபியன் தளத்தில் ‘நோகிளவுட்’ என்ற இமேஜை இறக்கி, கிளவுட்-இனிட்டின் நோகிளவுட் முறைக்கான சீட் வட்டும் (அமைப்புக் கட்டளைகள் உள்ள சிறு வட்டு) செய்து கொடுத்தேன். அதில் உள்ள யூசர்-டேட்டாவைத் திரும்பியும் பார்க்குதில்லை.
வாசகி, சாவகச்சேரி

பதில்: பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது. டெபியனின் ‘நோகிளவுட்’ இமேஜில் கிளவுட்-இனிட்டே இல்லை. இமேஜ் கட்டும் வேலையைச் சோதிப்பதற்காக, கடவுச்சொல் இல்லாமல் ரூட்டாக நுழைய விட்டிருக்கிறார்கள். அதை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ‘ஜெனெரிக்-கிளவுட்’, அல்லது உண்மை வன்பொருளின் இயக்கிகளும் உள்ள ‘ஜெனெரிக்’.

சீட் வட்டைப் பொறுத்தவரை: லேபல் ‘சிஐ-டேட்டா’ ஒரே சொல்லாக இருக்க வேண்டும். உள்ளே ‘யூசர்-டேட்டா’, ‘மெட்டா-டேட்டா’ என்று இரு கோப்புகள், எந்தப் பின்னொட்டும் இல்லாமல். விண்டோஸ் நோட்பாட்டில் எழுதினால் ‘.டி.எக்ஸ்.டி.’ ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள். யூசர்-டேட்டாவின் முதல் வரி ஹாஷ் குறியும் இடைவெளியின்றி ‘கிளவுட்-கொன்ஃபிக்’கும், அதற்கு மேல் வெற்று வரிகூட வேண்டாம். மெட்டா-டேட்டாவில் இன்ஸ்ரன்ஸ்-ஐடி ஒன்றாவது இருக்கட்டும். யூசர்-டேட்டாவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த ஐடியையும் மாற்றுங்கள். பழைய ஐடியைக் கண்டால் ‘இந்த அலுவல் முடிந்தது’ என்று கிளவுட்-இனிட் பெரும்பாலான படிகளைத் தாண்டிப் போய்விடும். எழுத்துப் பிழைகளுக்கு ‘கிளவுட்-இனிட் ஸ்கீமா’ கட்டளை வரி எண்ணோடு பதில் சொல்லும்.

கேள்வி: 20 ஜிகாபைட் வட்டுக் கொடுத்தும் உள்ளே இரண்டு சொச்சம்தான் தெரிகிறது. உபுண்டு 22.04 கிளவுட் இமேஜ்.
வாசகர், மானிப்பாய்

பதில்: அந்த இமேஜின் மெய்நிகர் அளவே 2.2 ஜிகாபைட்தான். கியூ.ஈ.எம்.யூ.-ஐ.எம்.ஜி. (வட்டுக் கோப்புகளைக் கையாளும் கருவி) ‘ரிசைஸ்’ கொடுத்து 20 ஆக்கியபின் எழுப்புங்கள், குறோபார்ட் முதல் தொடக்கத்தில் பிரிவை நீட்டும். நீங்களே கட்டும் இமேஜில் அது நடக்க இரண்டு நிபந்தனை: டெபியன், உபுண்டுவில் கிளவுட்-கெஸ்ற்-யூட்டில்ஸ் (ஃபெடோராவில் கிளவுட்-யூட்டில்ஸ்-குறோபார்ட்) இருக்க வேண்டும்; ரூட் பிரிவு வட்டின் கடைசியில் கிடக்க வேண்டும். அதற்குப் பின்னால் சுவாப் பிரிவு வைத்தால் நீட்ட இடமில்லை.

கேள்வி: வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் மிகக் குறைவு. பாதியில் கரண்டும் போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு வட்டையும் ஏற்றத்தான் வேண்டுமா? அஷூர் எங்கள் வி.எச்.டி.யை ஏற்கவும் மாட்டேன் என்கிறது.
வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டியதில்லை. உங்கள் தேவை ‘உபுண்டு, அதன்மேல் எங்கள் மென்பொருள்’ என்றால் இமேஜை அங்கேயே கட்டுங்கள். பாக்கர் அதைத்தான் செய்கிறது: விற்பனையாளரின் இமேஜில் தற்காலிகக் கணினி ஒன்றை எழுப்பும், உங்கள் கட்டளைகளை ஓட்டும், புதிய இமேஜாகச் சேமிக்கும், கணினியை அழிக்கும். நமக்குக் கிட்டவாக ஏ.டபிள்யூ.எஸ்.இன் வட்டாரங்கள் மும்பாயிலும் ஐதராபாத்திலும், கூகுளினது மும்பாயில், அஷூருக்குச் சென்னையிலும் உண்டு. வீட்டில் இருந்து போவது சில கிலோபைட் கட்டளைகள் மட்டும்.

பாக்கரை வீட்டு லப்ரொப்பில் ஓட்டி நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தத் தற்காலிகக் கணினி அநாதையாகக் கிடந்து பில் ஏற்றும். ஆகவே பாக்கரையும் கிளவுட்டில் சிறிய வி.எம். ஒன்றில் ரீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர விடும் கருவி) ஓட்டுங்கள். பழைய ஏ.எம்.ஐ.யை நீக்கும்போது அதன் ஸ்னப்ஷொட்டும் போகிறதா என்று பாருங்கள். தனியாகச் சொல்லாவிட்டால் அது தங்கி மாதாமாதம் காசு கேட்கும்.

அடித்தளத்தில் இருந்தே கட்டுபவர் ஏற்றத்தான் வேண்டும். மெய்நிகர் அளவைச் சிறிதாக, 3 அல்லது 4 ஜிகாபைட்டில் வைத்து, வேர்ட்-ஸ்பார்சிஃபையால் வெற்றிடத்தைக் கழித்த பிறகு ஏற்றுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு கெடுபிடி. அஷூருக்கு நிலையான அளவு வி.எச்.டி. மட்டும், விரியும் வகையும் வி.எச்.டி.எக்ஸும் ஆகாது. மெய்நிகர் அளவு மெகாபைட்டில் முழு எண்ணாகவும் இருக்க வேண்டும். உங்களுடையது இங்கேதான் தட்டியிருக்கும். கியூ.ஈ.எம்.யூ.-ஐ.எம்.ஜி. மாற்றும்போது ‘சப்ஃபோர்மட் ஃபிக்ஸ்ட்’ மட்டும் கொடுத்தால் அது பழைய வட்டு வடிவக் கணக்குக்கு அளவைத் தானாக உருட்டிவிடும். கூடவே ‘ஃபோர்ஸ்-சைஸ்’ கொடுங்கள். கூகுளுக்கு வட்டின் பெயர் ‘டிஸ்க்.ரோ’ என்றே இருக்க வேண்டும். அளவு முழு ஜிகாபைட். டார் பொதியைப் பழைய குனு வடிவத்தில் கட்டி ஜிஸிப்பால் சுருக்க வேண்டும். ஓப்பன்ஸ்டாக்குக்குக் கியூகவ்2 வட்டு வடிவம் போதும், பின்னால் செஃப் சேமிப்பகம் இருந்தால் ரோ வடிவம் நல்லது.

கேள்வி: இமேஜ் கட்டியதும் தானாகவே சோதிக்கும் ஸ்கிரிப்ட் எழுதப் போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
பொறியியல் மாணவி, கிளிநொச்சி

பதில்: முதல் விதி: கட்டிய இமேஜை நேரே எழுப்பாதீர்கள். அதன்மேல் கியூகவ்2 மேலடுக்கு ஒன்று செய்து, அதை எழுப்பி, சோதித்து, எறியுங்கள். ‘கிரியேட்’ கட்டளைக்கு அடித்தளக் கோப்பின் பெயரோடு அதன் வடிவத்தையும் பெரிய எஃப் தெரிவால் சொல்ல வேண்டும். கியூ.ஈ.எம்.யூ. 6.1இல் இருந்து இது கட்டாயம். மேலடுக்கு உயிரோடு இருக்கும்போது அடித்தளத்தை மாற்றினால் மேலடுக்கு நாசம்.

ஒரே இமேஜை வெவ்வேறு வன்பொருளில் எழுப்புங்கள்: வேர்ட்டயோ-பிளொக்கோடு ஒரு தரம், வேர்ட்டயோ-ஸ்கஸியோடு ஒரு தரம், என்.வி.எம்.ஈ.யோடு ஒரு தரம். கியூ.ஈ.எம்.யூ.வில் என்.வி.எம்.ஈ. வட்டுக்குச் ‘சீரியல்’ மதிப்பு ஏதாவது கொடுத்தால்தான் ஓடும். பயோஸிலும் ஓ.வி.எம்.எஃப்.இலும் (வி.எம்.முக்கான யூ.ஈ.எஃப்.ஐ.) தனித்தனியே. ஓ.வி.எம்.எஃப்.இன் மாறிக் கோப்பை ஒவ்வொரு தரமும் புதிதாகக் கொப்பி பண்ணுங்கள். பழையதை வைத்திருந்தால் திருநெல்வேலி மாணவரின் கிறப் பிழை உங்கள் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும். நினைவகம் 512 மெகாபைட்டில் ஒரு தரம். 4 ஜிகாபைட்டில் சோதித்து விட்டுச் சின்ன வி.எம்.மில் போட்டால் அப்டேட் ஓடும்போது கேர்னல் செயல்களைக் கொல்லும்.

எழும்பியதும் ‘கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையை ‘வெயிட்’ தெரிவோடு கொடுங்கள். வெளியேறும் எண் 0 என்றால் சரி, 1 என்றால் தோல்வி. புதிய பதிப்புகளில் 2 என்பது ‘சமாளித்துவிட்டேன், ஆனால் ஏதோ பிழை’. பூச்சியம் இல்லாததெல்லாம் தோல்வி என்று ஸ்கிரிப்ட் எழுதுவோர் இதில் குழம்புவதுண்டு. எங்கள் கருத்து: இமேஜ் சோதனையில் 2ஐயும் தோல்வியாகவே எடுங்கள், காரணத்தைக் கிளவுட்-இனிட் லொக்கில் தேடித் திருத்துங்கள். பிறகு சிஸ்டம்சி.டி.எல். ‘ஃபெயில்ட்’ பட்டியல் வெறுமையா, ரூட் வட்டு நீண்டதா, பெயர்த்தீர்வு வேலை செய்கிறதா, குரோனி நேரத்தைப் பிடித்ததா. பிறகு ஒரு ரீபூட். முதல் தொடக்கத்தில் எல்லாம் சரியாகி இரண்டாவதில் விழும் இமேஜ்கள் உண்டு, எஃப்ஸ்டாப்பில் கிளவுட்-இனிட் எழுதிய வரியோ புதிய கேர்னலோ அப்போதுதான் முதன்முதலில் பயன்படும்.

கடைசியாக ஒரே இமேஜில் இருந்து இரண்டு வி.எம்.மை ஒரே நேரத்தில் எழுப்பி மெஷின்-ஐடி, எஸ்.எஸ்.எச். திறப்பின் கைரேகை, ஐ.பி. மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒன்றாவது ஒத்துப்போனால் இமேஜை வெளியே விடாதீர்கள்.

எல்லாக் காத்திருப்புக்கும் நேர எல்லை வையுங்கள். கே.வி.எம். இல்லாத இடத்தில் கியூ.ஈ.எம்.யூ. மென்பொருளாலேயே செயலியை நடிக்கும், அங்கே பல மடங்கு ஆறுதலாகத்தான் ஓடும்.

கேள்வி: டேற்றாவை மிச்சம் பிடிக்க அலுவலகத்தில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (இறக்கிய பொதிகளைச் சேமித்துத் தரும் இடைச் சேர்வர்) வைத்து இமேஜ் கட்டுகிறோம். கிளவுட்டில் ‘ஆப்ட் அப்டேட்’ தொங்குகிறது.
வாசகர், சுன்னாகம்

பதில்: ஆப்ட்.கொன்ஃப்.டி அடைவைப் பாருங்கள். உங்கள் அலுவலகக் கணினியின் 3142ஆம் வாயிலைக் காட்டும் புரொக்சிக் கோப்பு இமேஜுக்குள் போயிருக்கும். கட்டி முடியும் கட்டத்தில் அதை நீக்கும் வரியைச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் செயலி கிளவுட்டில் உருவாக்கும் பி.டி.எஃப். பற்றுச்சீட்டுகளில் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது. லப்ரொப்பில் சரியாக வருகிறது.
வாசகி, நல்லூர்

பதில்: கிளவுட் இமேஜில் எழுத்துருக்கள் இராது, திரையில்லாத கணினிக்கு ஏன் என்று விட்டுவிடுவார்கள். டெபியன், உபுண்டுவில் ஃபொன்ட்கொன்ஃபிக் பொதியோடு ஃபொன்ட்ஸ்-லோஹிட்-டி.ஏ.எம்.எல். அல்லது ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர் நிறுவுங்கள். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளைக்கு மொழி ‘டி.ஏ.’ என்று கொடுத்தால் ஒரு வரியாவது வர வேண்டும். அந்த வரியை இமேஜ் சோதனையிலும் சேர்த்துவிடுங்கள்.

பெட்டி போய், ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு இடம் மாறி நின்றால் குறை எழுத்துருவில் இல்லை. எழுத்துருவை மட்டும் பதித்து எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பி.டி.எஃப். நூலகம் பயன்படுத்துகிறீர்கள். ஹார்ஃபஸ் கொண்டு கோக்கும் ஒன்றுக்கு, உதாரணமாகத் திரையில்லாமல் ஓடும் குரோமியத்துக்கு, மாறுங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குழம்பி வந்தால் தரவே பாமினியில் தட்டப்பட்டது. பாமினியை இமேஜில் ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், தரவை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இமேஜில் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைக்கலாமா?
வாசகர், கோப்பாய்

பதில்: இமேஜில் யூ.டி.சி. இருக்கட்டும். பற்றுச்சீட்டில் 5.30 மணி கூட்டிக் காட்டுவது செயலியின் வேலை. கட்டாயம் வேண்டுமென்றால் யூசர்-டேட்டாவில் ‘ரைம்ஸோன்’ என்று ஒரு வரி போதும், இமேஜைத் தொட வேண்டியதில்லை.